உபரிக் குட்டிகள்

“எலிக்கும் பெண்ணியத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?”

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் கடைசித் தங்கை கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதில் தப்பில்லை. பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பு என்றால் சமையலறை வரும், சம்பளம் வரும், கோயில் வரும், படுக்கையறை வரும். எலிக்கூண்டு வராது. ஆனால் நான் இரண்டரை வருடம் எலிக்கூண்டுகளுக்கு நடுவே வேலை பார்த்தவள். அங்கே காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை அதற்கு முன்பே என் வீட்டில் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேசாததற்கு வயது காரணம். ஆய்வகத்தில் பேசாததற்கு என்ன காரணம் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் ஊர் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கேற்ற வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் படித்தாலும் படிக்காவிட்டாலும் வேலைக்குப் பெங்களூருதான். நானும் விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு 2015இல் பெங்களூரு போனேன். ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளர் வேலை. ஆய்வகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது அந்த ஒரு இடத்தின் பழக்கமாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

எனக்குக் கொடுத்த வேலை, ஒளிரும் மைட்டோகாண்ட்ரியா கொண்ட சுண்டெலிகளைப் பராமரிப்பது. பெயரைக் கேட்டதும் இருட்டில் மின்மினி மாதிரி மினுக்கும் எலியை நினைத்துவிடாதீர்கள். பார்வைக்கு அது சாதாரணக் கறுப்பு எலி. தசையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நீல ஒளியைப் பாய்ச்சினால்தான் விஷயம் தெரியும். செல்லுக்குள் பச்சைப் பச்சையாக இழைகள். பாசிமணி கோத்தது போலச் சில, சேமியா போலச் சில. நான் பள்ளியில் அவரைக்கொட்டை வடிவத்தில் வரைந்து பத்து மதிப்பெண் வாங்கிய அதே மைட்டோகாண்ட்ரியாதான். ஆனால் உயிருள்ள செல்லில் அது அவரைக்கொட்டையாகச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நீள்கிறது, ஒட்டுகிறது, பிரிகிறது, நகர்கிறது. முதல்நாள் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதைச் செய்யும் விதம் எளிமையாகச் சொன்னால் இதுதான். கடலில் வாழும் சில சொறிமீன்களிலும் பவளங்களிலும் ஒளிரும் புரதங்கள் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்து, அதன் முன்னால் ஒரு முகவரிச் சீட்டை ஒட்டுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவேண்டிய புரதங்களுக்குச் செல்லே வைத்திருக்கும் முகவரி அது. இந்த இரண்டையும் சேர்த்து எலியின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிட்டால், தலைமுறை தலைமுறையாக அந்த எலிகளின் மைட்டோகாண்ட்ரியா ஒளிரும். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் 2012இல் உருவாக்கிய எலியில் இன்னும் ஒரு வசதி உண்டு. பச்சையாக ஒளிரும் ஒரு மைட்டோகாண்ட்ரியாவின் மேல் ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது மட்டும் சிவப்பாக மாறும். கூட்டத்தில் ஒருத்தியின் கையில் மருதாணி வைத்துவிட்டு அவள் எங்கே போகிறாள் என்று பார்ப்பது போல, ஒரே ஒன்றைப் பின்தொடரலாம். முதுமை, நடுக்குவாதம், தசை நோய்கள், இதயநோய் என்று பல ஆராய்ச்சிகளுக்கு இந்த வகை எலிகள் இப்போது அவசியமாகிவிட்டன.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் முதல் ஈற்றுக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டியிருந்தது. பிறந்து 21 நாளில் பிரிப்பார்கள். வாலைத் தூக்கிப் பார்த்து ஆண், பெண் பிரிக்கவேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் நல்லவர், பொறுமையானவர், நம்மூர்க்காரர். பிரித்து முடித்ததும் சொன்னார்: “ஃபீமேல் எல்லாம் எக்ஸ்ட்ராதான்மா. பிரீடிங்குக்கு நாலு வச்சுக்கிட்டு மிச்சத்தக் கழிச்சிரு.”

கழிப்பது என்றால் கரியமில வாயுப் பெட்டி. மூடியைப் போட்டு, குழாயைத் திறந்து, நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். எங்கள் எலி வம்சத்தில் பிறக்கும் குட்டி எல்லாமே ஒளிரும். ஆகவே ஒளிராத குட்டி என்பதால் கழித்தோம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அவற்றிடம் எல்லாம் இருந்தது. பெண்ணாக இருந்தன, அவ்வளவுதான்.

ஏன் ஆண் மட்டும் என்று கேட்டேன். ‘எதிர்த்துப் பேசவில்லை’ என்று மேலே சொன்னேன். கேட்கவே இல்லை என்று சொல்லவில்லை. பதில் தயாராக இருந்தது. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சினைச்சுழற்சி வரும். ஹார்மோன் ஏறும், இறங்கும். அதனால் அளவீடுகள் நிலையாக இருக்காது. ஆண் என்றால் தொந்தரவு இல்லை. நான் தலையாட்டினேன். அன்று எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். வயிற்றுவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு மாலை ஏழு மணிவரை நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து அளவீடு எடுத்துக் கொடுத்தேன். ஹார்மோன் ஏறி இறங்குகிற உடம்பால் எடுத்த அளவீட்டை நம்பினார்கள். ஹார்மோன் ஏறி இறங்குகிற உடம்பின் அளவீட்டை நம்பவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள். மூன்றாமவள் 1996இல் பிறந்தாள். எங்கள் மாவட்டத்தில் அது என்ன காலம் என்று தெரியாத வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன மாவட்டங்களில் சேலமும் தருமபுரியும் முன்வரிசையில் இருந்தன. கொல்லாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே கெஞ்சவேண்டி வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. தருமபுரிக்கு அது 2001இல் வந்தது. எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்கெல்லாம் பயன்பட்டன என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் தங்கையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த உறவுக்கார ஆயா ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது: “ரெண்டு பொட்ட போதாதா? இது அதிகப்படிதானே.” பிறகு பேச்சு அம்மா பக்கம் திரும்பியது. இவள் வயிறே அப்படி. இவள் அம்மாவும் பெண்ணாகத்தான் பெற்றாள். வம்சம். அப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கலாமா என்பதுவரை போய், அப்பா முறைத்ததில் நின்றது.

அதிகப்படி. எக்ஸ்ட்ரா. ஒன்று திண்ணைத் தமிழ், இன்னொன்று ஆய்வகத் தமிழ். பொருள் ஒன்றுதான். இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, “குழந்தையையும் எலியையும் ஒன்றாக வைக்கிறாயா?” என்று கேட்பார். இல்லை. குழந்தையின் உயிரும் எலியின் உயிரும் எனக்கு ஒன்றல்ல. நான் ஒப்பிடுவது அந்த வாக்கியத்தை. ஒரு தலைமுறையைப் பெற்றெடுக்க நாலு பெண்ணை வைத்துக்கொள், மிச்சம் தேவையில்லை என்ற கணக்கை. அந்தக் கணக்கு என் ஊரில் எழுத்தறிவு இல்லாததால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முனைவர் பட்டங்கள் நிறைந்த கட்டடத்துக்குள்ளும் அதே கணக்கு குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்திருந்தது.

இதில் இருக்கும் முரணை இன்னும் கொஞ்சம் பாருங்கள். எந்த உறுப்பை ஒளிரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோமோ, அது பெண்வழியாக மட்டுமே வருவது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. மனிதரில் 37 மரபணுக்கள். சினைமுட்டையில் அதன் பிரதிகள் லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணுவின் கழுத்தில் நூறுகூடத் தேறாத மைட்டோகாண்ட்ரியாக்கள் சுற்றிக்கொண்டிருக்கும். நீந்தி வந்துசேர அவை போதும். முட்டைக்குள் நுழைந்த பிறகு அவை என்ன ஆகின்றன? ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்ணால் பார்க்க மைட்டோகாண்ட்ரியா ஒளிரும் ஓர் எலியைத்தான் உருவாக்கினார்கள். 2001இல் அந்த ஆய்வு வெளியானது. ஆண் எலியின் விந்தணுவில் பச்சையாக ஒளிர்ந்த கழுத்து, முட்டைக்குள் நுழைந்த பிறகு, கரு பிரியத் தொடங்கும் நாட்களிலேயே மங்கிக் காணாமல் போயிற்று. அடுத்த தலைமுறைக்குப் போவது அம்மாவுடையது மட்டும்.

அந்த அம்மாவின் அம்மாவின் அம்மா என்று பின்னால் போனால் எங்கே போய் நிற்போம்? ஆய்வக எலிகளைப் பொறுத்தவரை இதற்குப் பதில் உண்டு. பழைய ஆய்வக எலி வம்சங்கள் பலவற்றின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, அவை ஒரே ஒரு பெண் எலியின் வழிவந்தவை என்று 1982இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகின் ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கறுப்பு எலி வம்சத்தின் பெயர் சி57பிஎல்/6. அந்த 57 என்ன எண் தெரியுமா? ஒரு பெண் எலியின் எண். 1921இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற விஞ்ஞானி 57ஆம் எண் பெண் எலியை 52ஆம் எண் ஆண் எலியோடு சேர்த்து அந்த வம்சத்தைத் தொடங்கினார். அவருடைய பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த எலிகளை வளர்த்துக் கொடுத்த பெண்ணின் பெயர் என் பாடப்புத்தகம் எதிலும் இருந்ததில்லை.

அவர் பெயர் அபி லாத்ராப். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற சிற்றூரில் கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு செல்லப்பிராணியாக விற்க எலி வளர்த்தார். ஆய்வகங்கள் அவரிடம் வாங்க ஆரம்பித்தன. எந்த எலி எதன் குட்டி என்று வம்சாவளிக் குறிப்புகளைக் கவனமாக எழுதிவைத்தார். சில எலிகளுக்குக் கட்டி வருவதைப் பார்த்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லியோ லோப்புக்கு எழுதினார். இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சினைப்பையை எடுத்துவிட்ட எலிகளுக்கு மார்பகக் கட்டி வருவது குறைகிறது என்பதைக் கண்டவர்கள் அவர்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆரம்பகால ஆதாரங்களில் அதுவும் ஒன்று. கவனியுங்கள், பெண் எலிகளைப் பார்த்ததால் கிடைத்த அறிவு அது. லாத்ராப் 1918இல் இறந்தார். எலிக்கு எண் மிஞ்சியது. அவருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

ஒளிரும் புரதத்தின் கதையிலும் இதே போல ஒரு பக்கக்குறிப்பு உண்டு. அந்தப் புரதத்தை வேறு உயிரிகளுக்குள் ஒளிரவைத்ததற்காகவும் அதை ஆராய்ந்ததற்காகவும் 2008இல் மூன்று ஆண்களுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் ஒருவரான மார்ட்டின் சால்ஃபி நேர்மையானவர். தன் ஆய்வகத்தில் முதன்முதலாக பாக்டீரியாவை ஒளிரவைத்தவர் கியா யூஸ்கிர்கென் என்ற மாணவி என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி டல் ஹேசல்ரிக்கும் விஞ்ஞானிதான். அவருடைய இன்னும் வெளியாகாத ஆய்வு முடிவொன்றைத் தன் கட்டுரையில் குறிப்பிட சால்ஃபி அனுமதி கேட்டார். அனுமதிக்கு அந்த அம்மையார் எழுத்தில் வைத்த நிபந்தனை: சனிக்கிழமைக் காலையில் காப்பி போட்டுத் தரவேண்டும், ஒரு விருந்து சமைக்கவேண்டும், ஒரு மாதம் தினமும் குப்பை கொட்டவேண்டும். வேடிக்கையாக எழுதியதுதான். சால்ஃபியும் சிரித்துக்கொண்டே அதை மேடையில் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வேடிக்கை நம் எல்லோருக்கும் ஏன் உடனே புரிகிறது?

இனி மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். “இவள் வயிறே அப்படி” என்ற தீர்ப்பு. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். இதை 1905இல் வண்டு இனம் ஒன்றை ஆராய்ந்து நிறுவியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண். என் அம்மா அதற்கு 91 வருடம் கழித்து அந்தத் திண்ணையில் குற்றவாளியாக நின்றாள். அப்பாவின் செல் முடிவு செய்ததற்கு அம்மாவின் வயிறு பழி சுமந்தது.

அதே சமயம், உண்மையாகவே அம்மாவழி வருகிற ஒன்றுக்கு அறிவியல் என்ன பெயர் வைத்தது? மைட்டோகாண்ட்ரியா பெண்வழி மட்டுமே போவதால், ஆணுக்குக் கெடுதல் செய்து பெண்ணுக்குச் செய்யாத ஒரு பிறழ்வு அதில் வந்தால் இயற்கைத் தேர்வால் அதைக் களைய முடியாது. சுவையான கருத்துதான். 2004இல் இதற்கு ஓர் ஆய்வுக் கட்டுரை சூட்டிய பெயர், ‘தாயின் சாபம்’. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, ஆய்விதழ்களில் இன்றும் புழங்குகிறது. தந்தைவழி மட்டுமே போகிற ஒய் குரோமோசோமில் வருகிற கோளாறுகளைத் தந்தையின் சாபம் என்று அதே வேகத்தில் யாரும் நம் காதில் போட்டதில்லை. பெருமை வந்தால் வம்சம் அப்பாவுடையது. பிழை வந்தால் சாபம் அம்மாவுடையது. எங்கள் திண்ணை ஆயாவை ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் உட்காரவைத்தால் அந்நியமாக உணரமாட்டாள்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நம் தோழிகளே அதில் விழுகிறார்கள், அதனால் அதையும் சொல்லவேண்டும். மகளிர் தின மேடைகளில் கேட்டிருப்பீர்கள்: “மைட்டோகாண்ட்ரியாதான் செல்லின் சக்தி நிலையம். அது அம்மாவிடமிருந்து மட்டும்தான் வருகிறது. ஆகவே பெண்ணே சக்தி!” கைதட்டல் விழும். எனக்குக் கூசும். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணுக்கள் தருவது 13தான். மற்றவற்றுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்தவை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சக்தி என்று கும்பிட்டுவிட்டு அடுப்படிக்கு அனுப்புவது நமக்குப் புதிதல்ல. கருவறைக்குள் வைக்கப்பட்டதெல்லாம் போதும். எலிகளிலும் அதைத்தானே செய்தோம்? பெற்றுத் தர நாலு பெண் எலியைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அவற்றின் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. தாய்மையைப் போற்றுவதும் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரே கூண்டில் சௌகரியமாக வாழும்.

சரி, அந்தச் சினைச்சுழற்சிக் காரணமாவது உண்மையா? 2014இல், அதாவது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், 293 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. சுழற்சியின் எந்த நாள் என்று பார்க்காமலேயே சோதித்த பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளின் அளவீடுகளைவிட அதிகமாக ஏறி இறங்கவில்லை. ஆண் எலிகளை ஒரே கூண்டில் போட்டால் கடித்துக்கொள்ளும், ஒன்று தாதாவாகும், மற்றவை ஒடுங்கும், ஹார்மோன் அதற்கேற்ப மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் தொந்தரவு என்று எழுதியதில்லை. அது இயல்பு.

இது எங்கோ ஓர் ஆய்வகத்தின் சோம்பல் என்று நினைக்கவேண்டாம். 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளைக் கணக்கெடுத்தவர்கள், நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றுக்கு ஆணை மட்டும் வைத்துச் செய்தவை ஐந்தரை என்று கண்டார்கள். விளைவு நம் உடம்பில்தான் முடிகிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 1990களிலிருந்து அமெரிக்கச் சந்தையில் இருந்தது. பெண்ணின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கிறது என்பதால், பெண்களுக்குப் பாதி அளவு போதும் என்று 2013இல்தான் அங்கே உத்தரவு போட்டார்கள். இருபது வருடமாகப் பெண்கள் இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், விலங்கு ஆய்விலும் பால் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவேண்டும், ஒரு பாலை மட்டும் எடுத்தால் அதற்கு வலுவான காரணம் சொல்லவேண்டும் என்று 2016இல் விதி கொண்டுவந்தது. நான் பெங்களூரில் நிரப்பிய படிவத்தில் ‘பால்’ என்ற கட்டம் இருந்தது. ‘ஆண்’ என்று எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் இந்தக் கேள்வி ஏன் இன்னும் கூர்மையாகிறது என்று சொல்கிறேன். என் அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து, களை வெட்டப் போய், வந்து சமைத்து, இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது ஒரே வார்த்தைதான் சொல்வாள்: “அசதி.” நாற்பது வயதுவரை அதற்குக் கிடைத்த மருத்துவம் “பொம்பளன்னா அப்படித்தான்” என்பது. கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் ஏழு. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் தேவையானது என்றே நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஹீமோகுளோபினுக்கான ஹீம் என்ற மூலக்கூறுக்குள் இரும்பு பொருத்தப்படுவதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான். அங்கே ஆற்றல் தயாரிக்கும் சங்கிலியின் கண்ணிகள் பலவற்றிலும் இரும்பு இருக்கிறது. இரும்பு குறைந்தால் ரத்தம் மட்டும் வெளுப்பதில்லை, தசைக்குள் இருக்கும் உலையும் தணிகிறது.

அப்படியானால், மாதாமாதம் ரத்தம் இழக்கிற, பிள்ளை சுமக்கிற, கடைசியாகச் சாப்பிடுகிற ஓர் உடம்பின் மைட்டோகாண்ட்ரியா எப்படி இருக்கும்? என் கையில் அதைப் பார்ப்பதற்கான கருவி இருந்தது. பச்சையாக ஒளிரும் தசை இருந்தது, நுண்ணோக்கி இருந்தது, பெண் எலிகள் இருந்தன. என் மாவட்டத்துப் பாதிப் பெண்களின் அசதியைப் பற்றிய கேள்வி அது. நான் அந்த எலிகளைப் பெட்டியில் போட்டு மூடி, நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ பொட்ட எலியையும் சேர்த்துக் கொல்லணும்ங்கிறியா?” என்று இதைப் படித்துக் காட்டியபோது தங்கை கேட்டாள். அவை ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் பதில். பிறக்கும் குட்டிகளில் பாதியை எதற்கும் பயன்படுத்தாமல் கழிப்பதால், ஆய்வுக்கு வேண்டிய எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு குட்டி பிறக்கவைக்கிறோம். இரு பாலையும் எடுத்துக்கொண்டால் பல ஆய்வுகளில் ஈற்று குறையும், சாவும் குறையும். விலங்கின் மீதான கருணையும் பெண்ணின் மீதான நியாயமும் இந்த ஒரு இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நிற்பது பழக்கம் மட்டும்தான்.

இப்போது நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். என் மாணவிகளிடம் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் முடிவுரைக்கு ஓடாதீர்கள். செய்முறைப் பகுதியில் எலியின் பால் என்ன என்று தேடுங்கள். ஆண் மட்டும் என்றால், அந்தக் கட்டுரையின் தலைப்பில் ‘ஆண் எலிகளில்’ என்று இருக்கிறதா பாருங்கள். பெண்ணை மட்டும் ஆராய்ந்தால் தலைப்பில் ‘பெண்’ இருக்கும். ஆணை ஆராய்ந்தால் ‘எலி’ என்றே இருக்கும், பிறகு அதுவே ‘மனிதர்’ ஆகிவிடும். நாளை நீங்கள் ஆய்வகத்துக்குப் போனால், படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஏன் என்று கேளுங்கள். ‘பழக்கம்’ என்பது பதிலாக வந்தால் இன்னொருமுறை கேளுங்கள். நெறிமுறைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் பெண் பேராசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள். ஒரு பால் மட்டும் என்று வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எழுத்தில் காரணம் கேளுங்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம்.

எங்கள் ஊரின் பெயரே அதியமானுடையது. நெல்லிக்கனிக் கதை உங்களுக்குத் தெரியும். உண்டவர் நெடுநாள் வாழும் கனி. அரசன் அதைத் தானும் உண்ணவில்லை, தன் மகனுக்கும் கொடுக்கவில்லை. ஔவைக்குக் கொடுத்தான். அவள் அவனுக்குத் தாயோ மனைவியோ அல்ல, வாரிசு பெற்றுத் தரப்போகிறவளும் அல்ல. பாடுகிறவள், அறிந்தவள். அதற்காகவே அவள் வாழவேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றிய ஊரில்தான், என் தங்கையைப் பார்த்து அதிகப்படி என்றார்கள். மைட்டோகாண்ட்ரியா ஆராய்ச்சி இன்று நீண்ட வாழ்வைத்தான் தேடுகிறது. நவீன நெல்லிக்கனி. அதைத் தேடும் கூண்டுகளில் ஔவைக்கு இடம் இல்லை.

என் தங்கை இப்போது தருமபுரியில் செவிலியராக இருக்கிறாள். கட்டுரையை முழுதும் படித்துவிட்டு நேற்று ஃபோன் செய்தாள். ரொம்ப நேரம் எலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “எத்தன குட்டிக்கா?” என்றாள்.

கணக்குப் புத்தகம் ஆய்வகத்தில் இருக்கிறது. என் கையெழுத்தில்தான் எழுதினேன். ஆண் குட்டிகளுக்கு எண் போட்டிருந்தோம். பெண் குட்டிகளுக்கு எண் போடும் வழக்கம் இல்லை.